தெரியாது என்று சொல்லும் பிள்ளை

பிப்ரவரி 11, 1888
லோகனுக்கு வடக்கே

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? இந்தக் குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் இருப்பதும் நன்றாக உதைக்கிறது. இங்கே என்னை வைத்திருப்பவர்கள் வயதான டேனிஷ் தம்பதி. ஊருக்கு நான் மிஸஸ் வுட். உறைமேல் அப்படியே எழுது. உள்ளே யார் பேரும் வேண்டாம். இதைக் கொண்டுவரும் சபைச் சகோதரரை நம்பலாம். ஆனால் வழியில் அவரைச் சோதனை போட்டால்?

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, அக்கா. சின்னவள் என்னிடம் இல்லை. தொலைத்துவிட்டேன்.

ஆக்டன் ஸ்டேஷனில் ரயில் மாற இறங்கினோம். பிளாட்பாரக் கோடியில், இரண்டு மனைவிக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் மார்ஷலின் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் போன வருஷம் உன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்த அந்தச் செம்பட்டை மீசைக்காரன். ஆறு மாத வயிற்றோடு, நம் வீட்டு முகஜாடையோடு ஒரு பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் எப்படிப் போவேன்? சின்னவளை ஒரு பெஞ்சில், யாரோ ஒரு குடும்பத்தின் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அம்மா வந்து கூப்பிடற வரைக்கும் யாரு கேட்டாலும் என்ன சொல்லுவே?"

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"என்னைக் காட்டிக் கேட்டா?"

"இந்தம்மாவைத் தெரியாதுன்னு சொல்லுவேன். பெரியம்மாவைக் காட்டினாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

பத்து நிமிஷம் என்று நினைத்துத்தான் நகர்ந்தேன். நம் சபை ஆள் ஒருவர், அங்கே மூட்டை தூக்குகிறவர், என்னைப் பின்பக்கமாக இழுத்துப்போய் ஒரு மாவு வண்டியில் ஏற்றிச் சாக்குகளைப் போட்டு மூடினார். "பிள்ளை, பிள்ளை" என்று கத்தினேன். "நான் பாத்துக்கறேன் சகோதரி, வாயை மூடுங்க" என்றார். அவர் திரும்பிப் போனபோது பெஞ்ச் காலி.

நம் வீட்டுக்காரருக்குச் சொல். எங்கே இருந்தாலும் சொல்லி அனுப்பு. அவருக்கு நாலு பேரைத் தெரியும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் தங்கை

---

பிப்ரவரி 25, 1888
எஃப்ரைம்

அன்புள்ள தங்கைக்கு,

கர்த்தர் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாராக. என் முழங்காலை விசாரிக்காதே, அது என்னை விட்டுப் போவதாக இல்லை. இங்கே பனி ஜன்னல் வரை கிடக்கிறது. கோழிகளில் மூன்று செத்துவிட்டன.

ஆறு வயசுப் பிள்ளையை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாவு வண்டியில் ஏறினாயா? உன்னைப் போல ஒரு மண்டு இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. குடையைத்தான் பெஞ்சில் மறந்துவிட்டு வருவார்கள்.

மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் திட்டத்தான் வரும், அழ வராது. உனக்கு அது தெரியும்.

பிஷப் மூலம் விசாரித்தேன். பிள்ளை உயிரோடு, சுகமாக இருக்கிறாள். ஆக்டனில் நம் சபையைச் சேராத புறஜாதிப் பெண்கள் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே துணி வெளுக்கப் போகும் சகோதரி நம் சபைக்காரி. உனக்குச் செய்தி சொல்லி அனுப்புவாள்.

அவருக்குச் சொல்லச் சொன்னாய். அவர் அரிசோனாப் பக்கம் எங்கேயோ இருக்கிறார். கடிதம் போய்ச் சேருமா என்பதே சந்தேகம். அந்த நினைப்பை விட்டுவிடு. சாப்பிடு. பால் குடி. மச்சுப்படியில் அடிக்கடி ஏறி இறங்காதே.

உன் அக்கா

---

மார்ச் 12, 1888

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்குகிறேன். மற்ற கோழிகளாவது பிழைத்தனவா? எனக்குக் கால் வீங்கியிருக்கிறது, வேறு ஒன்றுமில்லை.

வெளுக்கிற சகோதரி நேற்று ஆள் அனுப்பிச் சொன்னாள். விடுதித் தலைவியம்மா தினமும் சின்னவளை எதிரே உட்கார வைத்துக் கேட்கிறாளாம். "உன் பேரு என்ன?" தெரியாது. "அப்பா பேரு?" தெரியாது. "எந்த ஊரு?" தெரியாது. "அம்மா எப்படி இருப்பாங்க?" தெரியாது. வெல்லப்பாகு ஊற்றிய ரொட்டியைக் காட்டிக் கேட்டார்களாம். அதையும் வேண்டாம் என்றுவிட்டாளாம். வெல்லப்பாகுக்காக அவள் என்ன ஆட்டம் போடுவாள் என்று உனக்குத் தெரியும் அல்லவா? மூளை வளராத பிள்ளை என்று பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா, அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான். இரண்டு வருஷம், தினம் காலையில் ஜெபத்துக்குப் பிறகு, தலை பின்னிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளியிருக்கிறேன்.

இன்னும் கேள். யாரும் கேட்டு வராத பிள்ளைகளை ஜூன் பதினைந்தாம் தேதி ரயிலில் ஏற்றி நெப்ராஸ்காவுக்கு அனுப்புகிறார்களாம். அங்கே பண்ணைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்களாம். நம் சபைக் குடும்பத்துக்கு ஒரு பிள்ளையையும் தரமாட்டார்களாம், பெற்றவர்கள் வந்து சத்தியம் செய்தால் ஒழிய.

அவருக்கு எழுதினாயா? என்ன சொன்னார்? பதிலில் அதை மட்டுமாவது எழுது.

உன் தங்கை

---

ஏப்ரல் 3, 1888
எஃப்ரைம்

அன்புள்ள தங்கைக்கு,

கால் வீக்கத்துக்கு உயரமாகத் தலையணை வை. உப்பைக் குறை. இங்கே பனி உருகி வாய்க்கால் ஓடத் தொடங்கிவிட்டது. லூசர்ன் புல் வயலுக்கு இந்த வாரம் நம் முறைத் தண்ணீர். ரொட்டி சுடுவதும் துணி துவைப்பதுமாகவே பொழுது போகிறது. ஒருத்திக்கு எவ்வளவு வேலை என்கிறாய்!

ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். இந்த நாட்டுச் சட்டத்துக்கு அவருடைய மனைவி நான் ஒருத்திதான். அப்படியானால் பிள்ளை என்னுடையது என்று நான் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? ஆக்டனுக்குப் போகிறேன். "என் மகள், ரயிலில் தவறிவிட்டாள்" என்று பைபிளில் கை வைத்துச் சொல்லப்போகிறேன். பொய்ச் சத்தியம்தான். நான் கர்த்தரிடம் பேசிக்கொள்கிறேன்.

நீ பிரசவத்தைப் பார். எனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை, உனக்காவது சுகமாக நடக்கட்டும்.

உன் அக்கா

---

ஏப்ரல் 20, 1888
எஃப்ரைம்

அன்புள்ள தங்கைக்கு,

பிரசவம் ஆனதா? உன் பதில் வரும்வரை காத்திருக்க மனம் கேட்கவில்லை. நான் சுகமாகத் திரும்பினேன். தனியாகத்தான் திரும்பினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தலைவியம்மா மரியாதைக்காரி, தேநீர் தந்தாள். நம் சபைக்குத் தேநீர் ஆகாதே, நான் தொடவில்லை என்றதும் யார் என்று கண்டுகொண்டாள், ஆள் அனுப்பினாள். சத்தியத்துக்கு அதிகாரி ஒருவர் வேண்டுமாம். வந்தவன் அந்தச் செம்பட்டை மீசைக்காரன். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிச் சிரித்தான்.

"உங்க பொண்ணா? உங்க வீட்டை மூணு தடவை சல்லடை போட்டுச் சலிச்சிருக்கேன். ஒரு தொட்டில் கூட இல்லையே அம்மா."

"தொட்டிலைத் தேடியா வந்தீங்க? ஆம்பளையைத் தேடித்தானே வந்தீங்க" என்றேன்.

"சரி, பிள்ளையையே கேட்டுடுவோம்" என்றாள் தலைவியம்மா.

அழைத்து வந்தார்கள். முடியைக் காது வரை வெட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கவுன், பெரிய பெரிய பூட்ஸ். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இங்க வாடி கண்ணு" என்று கையை நீட்டினேன்.

"இவங்க யாரு, சொல்லு. உங்க அம்மாவா?" என்று கேட்டார்கள்.

"இந்தம்மாவைத் தெரியாது" என்றாள்.

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கவுனை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதே பதில். நம் ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேர் நீதிமன்றத்தில் உளறியிருக்கிறார்கள். இவள் உளறவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அங்கேயே செத்துவிடலாம் போலவும் இருந்தது.

வாசல்வரை வந்து மீசைக்காரன் சொன்னான்: "இது யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தகப்பன் பேரு, பெத்தவ பேரு, அந்த ஆளு ஒளிஞ்சிருக்கற இடம். மூணையும் சத்தியமாச் சொல்லுங்க, பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க. நாங்க ஒண்ணும் ராட்சசங்க இல்ல."

சொன்னால் அவருக்கு மூன்று வருஷச் சிறை, தங்கையே. இரண்டாவது மனைவி எடுத்ததைப் புதுச் சட்டப்படி விபச்சாரக் குற்றம் என்று எழுதுவார்கள். அவனை அங்கேயே விட்டுவிட்டு ரயிலடிக்கு நடந்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

மே 6, 1888

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரல் இருபத்திரண்டில் ஆண்பிள்ளை பிறந்தது. அவர் நெற்றி, நம் அப்பாவின் காது. எனக்கு ஒன்பது நாள் காய்ச்சல், இப்போது எழுந்து உட்காருகிறேன். பிள்ளை அழும்போதெல்லாம் கிழவி ஓடிவந்து ஜன்னலை மூடுகிறாள். இவனுக்கும் நான் அந்தப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

உன்னைத் தெரியாது என்று சொன்னாளா? அவள் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியது நீ. பல் முளைத்தபோது உன் விரலைத்தான் கடித்தாள். அக்கா, கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டேன்.

இனி ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் சொல். உன் கடிதம் கொண்டுவந்த சகோதரர் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கு. போன வாரம்தான் உங்க அக்கா வீட்டுச் சமையலறையில அவரோட உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்லாத்தான் இருக்கார்." சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே பேச்சை மாற்றிக் குதிரையைப் பற்றிப் பேசினார்.

அரிசோனா எப்போது உன் சமையலறைக்கு வந்தது, அக்கா?

அவருக்குத் தெரியுமா? தன் மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே உன் கையால் ரொட்டி தின்கிறாரா? உனக்குக் கோபம் வந்தாலும் சரி, சொல்.

உன் தங்கை

---

மே 16, 1888
எஃப்ரைம்

அன்புள்ள தங்கைக்கு,

ஆண்பிள்ளை என்று அறிந்து மகிழ்ச்சி. காய்ச்சல் விட்ட உடம்பு, ஜாக்கிரதை. ஃபிளானல் துணி நாலு கெஜம், இரண்டு குல்லா, ஒரு ஜாடி செர்ரிப் பழப்பாகு அனுப்பியிருக்கிறேன். குல்லா பெரிதாக இருந்தால் உள்மடித்துத் தைத்துக்கொள்.

வாய்க்கால் கரை உடைந்து கேரட் பாத்தி முழுக்கச் சேறு. வேறு விசேஷமில்லை.

உன் அக்கா

---

மே 27, 1888

அக்காவுக்கு,

துணி வந்தது. நீ சுகமா என்று கேட்கிறேன், ஏனென்றால் கேட்கத்தான் வேண்டும்.

நான் கேட்டதற்கு நீ கேரட் பாத்தியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

நான் முடிவு செய்துவிட்டேன். ஜூன் பதினொன்றாம் தேதி ஆக்டனுக்குப் போகிறேன், கைக்குழந்தையோடு. அந்த மீசைக்காரன் முன்னால் போய் நின்று, இவள் என் மகள், இவன் என் மகன் என்று சொல்வேன். தகப்பன் யார் என்று கேட்பான். சொல்லமாட்டேன். சொல்லாவிட்டால் நீதிபதி என்னைச் சிறையில் போடுவார். போடட்டும். நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் கைக்குழந்தையோடு உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். ஆனால் அவள் ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது என்னைப் பார்ப்பாள். அவளுக்கு நான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், அக்கா. நாலு மாதமாக அவள் அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப் போனாலும் பிள்ளை கிடைக்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும். வேறு என்ன செய்ய? உனக்குத் தெரிந்தால் சொல். உனக்குத்தான் எப்போதும் எல்லாம் தெரியும்.

அவரிடம் நான் சுகமாக இருப்பதாகச் சொல்.

உன் தங்கை

---

ஜூன் 8, 1888
ஆக்டன்

என் அன்பு லவீனா,

பேர் எழுதியிருக்கிறேனே என்று பயப்படாதே. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. நீ சுகமாக இருக்கிறாயா, பையன் பால் குடிக்கிறானா? நான் ஆக்டனில் இருக்கிறேன். சின்னவள் ரோடா என்னோடு இருக்கிறாள். இந்த வரியை முதலில் நன்றாகப் படித்துக்கொள், பிறகு மற்றதைப் படி.

அவர் பிப்ரவரி முதல் நம் வீட்டில்தான் இருந்தார். சமையலறைத் தரைக்குக் கீழே, உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறையில். உன் முதல் கடிதம் வந்த அன்றே படித்துக் காட்டினேன். அழுதார். பொய் சொல்லமாட்டேன், நிஜமாகவே அழுதார். பிறகு, "பொறுத்திருப்போம், கர்த்தர் வழி திறப்பார்" என்றார். ஒவ்வொரு கடிதத்துக்கும் அதையேதான் சொன்னார்.

நீ கேட்டதும் நான் ஏன் சொல்லவில்லை? அவர் சொல்லக்கூடாது என்றார், உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. ஏழு வருஷம் முன்னால் உன்னை அவருக்குக் கேட்டு எடுத்தது நான். எனக்குப் பிள்ளை இல்லை, உனக்காவது பிறக்கட்டும் என்று நான்தான் உன் கையைப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். அன்றுமுதல் பாதி வாரம் எனக்கு, பாதி வாரம் உனக்கு. இந்த நாலு மாதம் அவர் எனக்கு மட்டும் இருந்தார், லவீனா. தட்டு இரண்டுதான். அவர் மேலே வந்து அடுப்பருகே உட்காருவார், நான் பின்னல் ஊசியோடு எதிரே உட்காருவேன். நீ அங்கே தலையை மோதிக்கொண்டிருந்தபோது நான் இங்கே சந்தோஷமாக இருந்தேன். இதை எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததும் அவரிடம் சொன்னேன்: "நான் போய்ச் சொல்லப்போறேன். நீங்க மலைப்பக்கம் ஓடணும்னா இன்னிக்கே ஓடுங்க. நான் போய் நின்னு, இந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கார்னு சொல்லப்போறேன்."

"நீ சொல்லமாட்டே" என்றார்.

"சொல்லுவேன்."

அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சொன்னா, கடைசி நாள்ல உன் கல்லறைப் பக்கம் வரமாட்டேன். உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன்."

புருஷன் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மனைவி கல்லறையிலிருந்து எழுவாள் என்றுதானே நம் சபையில் சொல்கிறார்கள், அவர் கூப்பிடாமல் நான் எப்படி எழுவேன்? எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் மண்ணுக்குள் கிடக்க வேண்டியதுதான். அதை யோசித்துக்கொண்டேதான் ரயிலில் வந்தேன். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன், அவர் சொன்னால் செய்வார். நான் சொல்லமாட்டேன் என்று நினைத்து அவர் ஓடவும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னைத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

மீசைக்காரன், தலைவியம்மா, எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. ரோடாவையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். வேண்டாம், பிள்ளையை வெளியே அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

"சொல்லுங்கம்மா. இந்தப் பிள்ளையோட தகப்பன் யாரு?"

"லோரின் பெக்ஸ்டன். என் புருஷன்."

"தாய்?"

"லவீனா. என் கூடப்பிறந்தவ."

"அந்த ஆளு இப்போ எங்கே?"

சொன்னேன். பலகையை எங்கே தூக்க வேண்டும் என்பது வரை சொன்னேன். குமாஸ்தாவின் பேனா மட்டும் சத்தம் போட்டது. கையெழுத்துப் போட்டேன். மீசைக்காரன் பேசினபடியே பிள்ளையை என்னிடம் விட்டான். நேற்று மதியம் எஃப்ரைமில் அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று பிஷப் தந்தி கொடுத்திருக்கிறார். எனக்கு என்று அதில் வேறு ஒரு வார்த்தையும் இல்லை. இனி சபையில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். உட்கார வேண்டாம்.

உன்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வா, பயப்படாதே, உன் வாயிலிருந்து பிடுங்க இனி எதுவும் மிச்சமில்லை. பதினொன்றுவரை காத்திருக்காதே. இதைக் கொண்டுவரும் ஆள் கூடவே கிளம்பு. ரயிலடிக்கு எதிர்த் தெருவில் விதவை ஒருத்தியின் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறோம்.

பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஆனால் நேற்று முன்தினத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெல்லப்பாகு ஊற்றி ரொட்டி வைத்தேன், அப்படியே இருக்கிறது. அந்த அறையிலிருந்து வெளியே கூட்டிவந்தபோது, படியில் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

"நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே, பெரியம்மா. நீங்க ஏன் சொன்னீங்க?"

சீக்கிரம் வா, லவீனா.

உன் அக்கா,
தர்சா பெக்ஸ்டன்